தூண்டில் கேள்வி பதில்: 3,000 ரூபாய்க்குள்ள என்ன வாங்கலாம்?

இந்தத் தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல பாஸ் மீன் வீடியோ பாத்துட்டு எழுதினவங்களோடது. சேலம், மேட்டூர், ஏற்காடுன்னு நம்ம பக்கத்து ஆளுங்களே நிறைய பேர் எழுதியிருக்கீங்க, ரொம்ப சந்தோசம். ஒரே மாதிரி வந்ததயெல்லாம் சேர்த்துட்டு இங்க பதில் சொல்றேன்.

கேள்வி: அண்ணா, காலேஜ் ரெண்டாம் வருசம் படிக்கறேன். அமெரிக்காவுல பாஸ் பிடிக்கற வீடியோ தினமும் பாக்கறேன், அதே மாதிரி லூர் (பொய் இரை) போட்டு பிடிக்கணும்னு ஆசை. கையில 3,000 ரூபா இருக்கு. எந்த ராடு எந்த ரீலு வாங்கட்டும்? நம்ம மூக்கனேரில பாஸ் கிடைக்குமா? (வாசகர், கன்னங்குறிச்சி)

தம்பி, மொதல்ல மீன பத்தி பேசிடுவோம். நீ வீடியோல பாக்கறது லார்ஜ்மவுத் பாஸ். அது வட அமெரிக்கா மீனு, நம்ம ஏரி குளத்துல கிடையாது. ஆனா அதுக்காக மனசு விட வேண்டாம், அந்த மீனு என்ன பண்ணுமோ கிட்டத்தட்ட அதே வேலைய பண்ற மீனு நம்மகிட்ட இருக்கு, அதான் விரால். அதுவும் செடி மறைவுல அசையாம நின்னுட்டு தவளையோ சின்ன மீனோ பக்கத்துல வந்தா பாஞ்சு அடிக்கும், பாஸும் அதே தான். அதனால பாஸுக்குன்னு கண்டுபிடிச்ச சாமானும் முறையும் முக்காவாசி விராலுக்கு அப்படியே பொருந்தும்.

இப்ப காச எப்படி பிரிக்கறதுன்னு சொல்றேன். ராடுக்கு 1,200, ரீலுக்கு 1,000, நரம்புக்கு (தூண்டில் கயிறு) 400, மீதி 400 முள்ளு, ஸ்விவல் (சுழல்ற இணைப்பு வளையம்), ரெண்டே ரெண்டு லூர். கடைக்கு போன உடனே நாலாயிரம் ரூபா ராட காட்டுவாங்க, கையில பிடிச்சா பஞ்சு மாதிரி இருக்கும், மயங்கிடாத. ஆறரை அடி இல்ல ஏழு அடி நீளம், ரெண்டு துண்டா பிரியற ஸ்பின்னிங் ராடு, மீடியம் பவர், கைப்பிடிக்கு மேல போட்டிருக்கற லூர் எடை 10ல இருந்து 30 கிராம்குள்ள இருக்கணும், அவ்வளவுதான் பாக்கணும். பஸ்ல கொண்டு போக வசதியா இருக்கேன்னு ஆன்டெனா மாதிரி மடங்கற ராடு நிறைய பேர் வாங்கறாங்க, எனக்கு அது பிடிக்காது, மூட்டு மூட்டா இருக்கறதால நாள் ஆக ஆக லூசாகும், பெரிய மீன் இழுக்கறப்ப அந்த மூட்டுல தான் போகும். கண்ணாடி இழை ராடு கொஞ்சம் கனமா இருக்கும், ஆனா கல்லுல தட்டினாலும் தாங்கும், கார்பன் ராடு லேசு, கடிய விரல்ல நல்லா உணரலாம், ஆனா ஒரு அடி பட்டுச்சுன்னா கோடு விழுந்து ஒரு நாள் பட்டுனு முறிஞ்சிடும். மொத ராடுக்கு கண்ணாடி இழையோ ரெண்டும் கலந்ததோ போதும்.

கடையில ஒரு வேலை கண்டிப்பா பண்ணு. கொஞ்சம் பஞ்ச எடுத்து ராடுல இருக்கற ஒவ்வொரு வளையத்துக்குள்ளயும் சுத்தி தேச்சுப்பாரு. எங்கயாவது பஞ்சு மாட்டுச்சுன்னா உள்ள விரிசல் இருக்குன்னு அர்த்தம், அந்த விரிசல் உன் நரம்ப நூல் நூலா அறுத்துடும். ரீலு 2500 சைஸ் இல்ல 3000 சைஸ். பெட்டி மேல 11 பேரிங் 13 பேரிங்னு போட்டிருக்கறத நம்பாத, கைப்பிடிய பிடிச்சு ஆட்டிப்பாரு, லொட லொடன்னு ஆடக்கூடாது, டிராக்க, அதான் மீன் இழுத்தா நரம்ப விட்டுக் குடுக்கற பிடிமானத்த, கொஞ்சம் தளத்தி வச்சுட்டு நரம்பு வர்ற பக்கம் கையால இழுத்தா விட்டு விட்டு வராம ஒரே சீரா வரணும். நாலு பேரிங் இருந்தாலும் இது சரியா இருந்தா அந்த ரீலு தான் நல்ல ரீலு.

நரம்புல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மீனுக்கும் உனக்கும் நடுவுல இருக்கறது அது ஒண்ணு தான். செடிக்குள்ள விரால் தேடறவங்களுக்கு 30 பவுண்டு இழுவை தாங்கற பிரெய்டு (பின்னின நரம்பு) வேணும், அது வெலை ஜாஸ்தி, அதனால ரீலு முழுக்க அதையே சுத்த வேண்டாம், கீழ பாதிக்கு சாதா நைலான் நரம்ப சுத்திட்டு மேல 100 மீட்டர் மட்டும் பிரெய்டு போடு. காசும் மிச்சம், ரீலுல நரம்பு சுத்தற ஸ்பூல் மேல பிரெய்டு வழுக்காமலும் இருக்கும்.

அப்புறம் மூக்கனேரில பறவைங்க நிறைய, நடுவுல இருக்கற தீவு மரமெல்லாம் அதுங்க வீடு. அந்தப் பக்கமே வீசாத, அறுந்த நரம்பு ஒரு சாண் இருந்தாலும் சுருட்டி பாக்கெட்ல போட்டு வீட்டுக்கு கொண்டு வந்துடு. நாரை கால்ல நரம்பு சுத்திக்கிட்டு அது தவிக்கறத ஒரு தடவ பாத்தா மறக்கவே முடியாது. எந்த ஏரிக்கு போனாலும் அங்க தூண்டில் போட விடறாங்களா, மீன் குத்தகை யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சு, கேட்டுட்டு தான் போடணும்.

கேள்வி: சார், வீடியோல எல்லாரும் பெயிட்காஸ்டர் ரீலு தான் வச்சிருக்காங்க. அதையே வாங்கிடலாமா? (வாசகர், எடப்பாடி)

இப்ப வேண்டாங்க. பெயிட்காஸ்டர்ல வீசறப்ப ஸ்பூலே சுத்தும், லூர் காத்துல மெதுவாகறப்ப கட்ட விரலால ஸ்பூல அமுக்கி நிறுத்தணும், நிறுத்தலைன்னா நரம்பு உள்ள குருவிக்கூடு மாதிரி சிக்கிக்கும், அத பிரிக்கறதுக்குள்ள வெயில் ஏறிடும். அது மட்டும் இல்ல, வெலை கம்மியான பெயிட்காஸ்டர்ல பிரேக் சரியா வேலை செய்யாது, அதே காசுக்கு ஸ்பின்னிங் ரீலு நல்லதாவே கிடைக்கும். ஒரு வருசம் ஸ்பின்னிங்ல கை பழகட்டும்ங்க.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில கொலுசு பட்டறையில வேலை பாக்கறேன். கடையில ஒரு ஸ்பூன் லூர் 250 ரூபா சொல்றான். எனக்கு தகடு வெட்டவும் பத்த வைக்கவும் மெருகு போடவும் தெரியும். நானே செஞ்சுக்கலாமா? (வாசகர், சேலம்)

தாராளமா செய்யலாம், உங்க கைக்கு இது விளையாட்டு. சொல்லப்போனா ஸ்பூன் லூர் பொறந்த கதையே அப்படித்தான், அமெரிக்காவுல ஜூலியோ பியூல்னு ஒருத்தர், படகுல சாப்பிட்டுட்டு இருக்கறப்ப கரண்டி கை தவறி தண்ணில விழுந்துச்சாம், அது பளபளன்னு ஆடி ஆடி இறங்கறப்ப ஒரு மீனு வந்து அடிச்சதாம், அத பாத்துட்டு கரண்டிய வெட்டி முள்ளு வச்சாருன்னு சொல்லுவாங்க. 1852ல அதுக்கு காப்புரிமையும் வாங்கினாரு.

வெள்ளி வேண்டாம், பித்தளை தகடு இல்ல பழைய எவர்சில்வர் ஸ்பூன் போதும். ஸ்பூனோட காம்ப வெட்டிட்டு ரெண்டு முனையிலயும் ஓட்டை போட்டு, ஓரத்த அரத்துல நல்லா தேச்சுடுங்க, கூரா விட்டா நரம்பு போயிடும். மேல் ஓட்டையில ஒரு வளையம், அதுல ஸ்விவல், கீழ் ஓட்டையில வளையம், அதுல முள்ளு. மூணு முனை முள்ளுக்கு பதிலா ஒத்த முள்ளு போடுங்க, செடில கம்மியா மாட்டும், மீன விடுவிக்கறதும் சுலபம். ஸ்விவல விட்டுடாதீங்க, ஸ்பூன் சுத்தறப்ப நரம்பு முறுக்கிக்காம காப்பாத்தறது அது தான்.

தகடு தட்டறப்ப குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஆட்டம். ரொம்ப தட்டினா தண்ணில தலைகீழா சுத்த ஆரம்பிச்சிடும், சப்பையா விட்டா குச்சி மாதிரி நேரா வரும். ஒரே அளவுல மூணு தகடு எடுத்து மூணு விதமா தட்டி, ஒரு பெரிய தொட்டில இழுத்துப் பாருங்க, எது மெதுவா இழுத்தாலே ஆடுதோ அத வச்சுக்கோங்க. உங்க பட்டறையில கம்பி வளைக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்க, அவங்கள வச்சு ஸ்பின்னரும் செய்யலாம், கம்பிய சுத்தி சுழல்ற தகடு. அதுல வட்டத் தகடு மெதுவா சுத்தும், தண்ணில அதிர்வு ஜாஸ்தி, கலங்கின தண்ணிக்கு அது. மூங்கில் இலை மாதிரி நீளத் தகடு வேகமா சுத்தி மின்னும், தெளிஞ்ச தண்ணிக்கு அது. மழை விட்டு ஏரி செம்மண் கலர்ல இருக்கறப்ப வட்டத்த போடுங்க.

ஒண்ணு மட்டும் வேண்டாம், ஈயத்த வீட்டுக்குள்ள உருக்காதீங்க. அந்த புகையும் தூசும் குழந்தைங்களுக்கு ரொம்ப கெடுதல். ஈயக்குண்டு விலைக்கு வாங்கினா பத்து பதினஞ்சு ரூபா தான்.

கேள்வி: ரப்பர் தவளை வாங்கி மூணு வாரமா போடறேன். விரால் வந்து அடிக்குது, தண்ணி தெறிக்குது, இழுத்தா வெறும் தவளை தான் வருது. பத்துல ஒண்ணு கூட மாட்டல. முள்ளு சரியில்லையா? (வாசகர், பனமரத்துப்பட்டி)

முள்ளு மேல தப்பு கம்மிங்க, அவசரத்து மேல தான் தப்பு. எனக்கும் மொத சீசன் முழுக்க இதே தான் நடந்துச்சு. தண்ணி வெடிச்ச உடனே நம்ம கை தானா இழுத்துடும், அப்ப தவளை இன்னும் விரால் வாய்க்குள்ள முழுசா போயிருக்காது. பாஸ் வாய பெருசா தொறந்து தண்ணியோட சேத்து உள்ள உறிஞ்சும், விரால் பெரும்பாலும் பல்லால கவ்விப் பிடிச்சுட்டு தான் கீழ போகும். அதனால பாஸுக்கு சொல்ற நேரத்த விட விராலுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேணும். அடிச்ச உடனே ராட தாழ்த்துங்க, தொய்ஞ்ச நரம்ப ரீலுல சுத்தி எடுங்க, ஒண்ணு ரெண்டு எண்ணுங்க, மீனோட கனம் கையில தெரிஞ்ச பெறகு ஓங்கி ஒரே இழுப்பு. சத்தத்துக்கு இழுக்காதீங்க, கனத்துக்கு இழுங்க.

தவளையயும் கொஞ்சம் சரி பண்ணணும். புதுசா வர்றப்ப அந்த ரெட்ட முள்ளு முதுகோட ஒட்டி படுத்திருக்கும், செடில மாட்டாம இருக்கறதுக்கு அது. இடுக்கியால ரெண்டு முனையயும் ஒரு நூல் அளவு மட்டும் வெளிய விரிச்சு விடுங்க. ரப்பர் கெட்டியா இருந்தா சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டு அமுக்கி அமுக்கி இளக்குங்க. பின்னாடி தொங்கற கால் நீளமா இருந்தா பாதி வெட்டிடுங்க, விரால் கால மட்டும் பிடிச்சு இழுத்துட்டு போறது நின்னுடும். நாலு வீச்சுக்கு ஒரு தடவ உள்ள போன தண்ணிய பிழிஞ்சு விடணும்.

வீசற இடமும் இருக்கு. ஆகாயத்தாமரைக்கு நடுவுல நேரா போட்டா தொப்புனு விழுந்து மீனு ஓடிடும். அதுக்கு பின்னாடி நாலஞ்சு அடி தள்ளி போட்டு, செடி மேல ஏத்தி, ஓரத்துல வந்து தண்ணில இறங்கற இடத்துல நிறுத்துங்க. சும்மா நிறுத்துங்க, அஞ்சு எண்ணற வரைக்கும். நிஜத் தவளை அப்படித்தான் உக்காரும். விரால் அடிக்கறதுல பாதி அந்த நிறுத்தத்துல தான் வரும். விரால் மேல வந்து காத்து குடிக்கற மீனு, தண்ணி மேல 'ப்ளக்'னு சத்தம் கேட்டு வட்டம் விரிஞ்சுதுன்னா அங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க, உடனே வீசாம ரெண்டு நிமிசம் பொறுத்து போடுங்க.

இன்னொரு விசயம், இத நான் கெஞ்சியே கேக்கறேன். தண்ணி மேல ஆரஞ்சு செவப்பா பொடிப்பொடியா குஞ்சுங்க கூட்டமா கொதிக்கற மாதிரி தெரிஞ்சா, கீழ தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்க தவளைய போட்டா கண்டிப்பா அடிக்கும், பசிக்கு இல்ல, குஞ்ச காப்பாத்த. அந்த மீன தூக்கிட்டா மொத்த குஞ்சயும் மத்த மீனுங்க தின்னு தீத்துடும். அந்த இடத்த விட்டுட்டு நகந்துடுங்க.

கேள்வி: டெக்சாஸ் ரிக், வேக்கி ரிக், டிராப் ஷாட்னு பேரே தலைய சுத்துது. எத மொதல்ல கத்துக்கறது? வேலைக்கு போறவன், ஞாயித்துக்கெழமை மட்டும் தான் நேரம். (வாசகர், மேச்சேரி)

ரிக்னா முள்ளு, குண்டு, இரைய நரம்புல கட்டற விதம், அவ்வளவுதான். டெக்சாஸ் ரிக் ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க, மூணு மாசத்துக்கு மத்தது எதையும் தொடாதீங்க. தோட்டா மாதிரி கூர்ப்பான ஈயக்குண்டுல நரம்ப கோத்து, கழுத்து வளைஞ்ச முள்ளு கட்டி, ரப்பர் புழுவோட தலைல முள்ள குத்தி வெளிய எடுத்து திருப்பி, முனைய புழு உடம்புக்குள்ளயே மறைச்சு வைக்கறது. முனை வெளிய தெரியாததால கட்டை, வேர், செடி எதுலயும் சுலபமா மாட்டாது. இந்த ரப்பர் புழு 1949ல நிக் கிரீம்னு ஒருத்தர் அவரு வீட்டு அடுப்படியில செஞ்சு பாத்தது, அதுக்கு அப்புறம் தான் பாஸ் பிடிக்கற விதமே மாறுச்சு. வீசி, அடில போய் உக்கார விட்டு, ராட மெல்ல தூக்கி ஒரு சாண் இழுத்து, மறுபடி உக்கார விடணும். கல்லுல உரசறதும் மண்ணுல இழுபடறதும் செடில சிக்கறதும் கையில வேற வேற மாதிரி தெரியும், அத பிரிச்சு உணரத் தெரிஞ்சுட்டா மத்த ரிக் எல்லாம் ஒரு வாரத்துல வந்துடும்.

வார நாள்ல மொட்டை மாடியிலயோ காலி மைதானத்துலயோ முள்ளு இல்லாம வெறும் ஈயக்குண்டு கட்டி பத்தடி, இருபதடி, முப்பதடில ஒரு முறம் வச்சு அதுக்குள்ள விழற மாதிரி தினமும் அம்பது தடவ வீசுங்க. ராத்திரி டிவி பாத்துட்டே முடிச்சு போட்டு பழகுங்க. பாலோமர் முடிச்சு போதும், நரம்ப ரெட்டையா மடிச்சு முள்ளு கண்ணுல விட்டு, ஒரு சாதா முடி போட்டு, அந்த வளையத்துக்குள்ள முள்ளயே நுழைச்சு, எச்சில் தொட்டு இறுக்கணும். ஈரம் இல்லாம இறுக்கினா சூட்டுல நரம்பு அங்கயே பலம் போயிடும், அப்புறம் பெரிய மீனு அத்துட்டு போச்சுன்னு நரம்பு கம்பெனிய திட்டறதுல பிரயோஜனம் இல்ல.

நீங்க மேட்டூருக்கு பக்கத்துல இருக்கறதால ஒரு யோசனை. அணைல தண்ணி நல்லா இறங்கறப்ப பண்ணவாடி பக்கம் பழைய நந்தியும் கோயிலும் வெளிய தெரியும்ல, எல்லாரும் அத பாக்க போவாங்க, நீங்க சுத்தி இருக்கற தரையயும் பாருங்க. எங்க பாறை, எங்க பழைய மரத்து அடிக்கட்டை, எங்க வாய்க்கால் மாதிரி பள்ளம் போகுதுன்னு போன்ல படம் எடுத்து வச்சுக்கோங்க. அணை 120 அடி வரைக்கும் ஏறும், தண்ணி ஏறினப்ப மீனு நிக்கறது அந்த கட்டையிலயும் பள்ளத்து ஓரத்துலயும் தான். அமெரிக்காவுல இதுக்குன்னு மிசின் வச்சு தேடறாங்க, நமக்கு காவேரியே காட்டிக் குடுத்துடுது. அங்க தூண்டில் போட மீன்வளத்துறைல கேட்டுக்கோங்க, அப்புறம் அணைக்கு கீழ, பூலாம்பட்டி பக்கமெல்லாம் தண்ணி திடீர்னு ஏறும், பாறை மேல போய் நிக்கவே நிக்காதீங்க.

கேள்வி: அண்ணா வணக்கம், ஏற்காட்டுல எங்க காப்பித் தோட்டத்துல ஒரு குட்டை இருக்கு. இங்க குளுருக்கு பாஸ் நல்லா வளரும்னு வீட்டுக்காரர் சொல்றாரு. எங்கயாவது குஞ்சு வாங்கி விட்டா நாங்களும் பிடிக்கலாம், டூரிஸ்டும் வருவாங்கன்னு யோசிக்கறோம். சரியா வருமா? (வாசகி, ஏற்காடு)

வேண்டாம்மா, தயவு செஞ்சு வேண்டாம். வெளிநாட்டு மீன கொண்டு வந்து விட அரசு அனுமதி வேணும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஜப்பான்ல 1925ல ஆஷி ஏரின்னு ஒரு ஏரில மட்டும் இந்த பாஸ விட்டாங்க. அது அங்கயே நிக்கல, நாடு பூரா பரவி, அவங்க ஊரு சின்ன மீனுங்கள தின்னு, கடைசில 2005ல சட்டம் போட்டு உயிரோட வளக்கவும் கொண்டு போகவும் விடவும் தடை பண்ண வேண்டியதா போச்சு. நமக்கே தெரிஞ்ச கதை ஜிலேபி கெண்டை. 1952ல இந்தியாவுக்கு கொண்டு வந்தாங்க, இப்ப அது இல்லாத ஏரி எது சொல்லுங்க. உங்க குட்டை மலை மேல இருக்கு, ஒரு நல்ல மழைக்கு நிரம்பி வழிஞ்சா அந்தத் தண்ணி ஓடையில இறங்கி கீழ இருக்கற ஏரிக்குத் தான் போகும், மீனும் கூடவே போகும்.

மேட்டூர்ல இருக்கற அரசு மீன் பண்ணையில போய், ஏற்காடு உயரத்துக்கும் குளுருக்கும் எந்த மீனு தாங்கும்னு கேளுங்க, அவங்க சொல்றத விடுங்க. குளுர் மாசத்துல மீனுங்க உடம்பு மந்தமாயிடும், துரத்திட்டு ஓடி வந்து கடிக்காது. அதனால மார்கழி தையில காலைல பனியோட போய் நிக்காதீங்க, பத்து மணிக்கு மேல வெயில் பட்டு ஓரத்து தண்ணி கொஞ்சம் சூடானப்ப போங்க, எது போட்டாலும் பாதி வேகத்துல இழுங்க.

கேள்வி: உலகத்துலயே பெரிய பாஸ் எவ்வளவு எடை? அத யார் பிடிச்சார்? (பள்ளி மாணவர், ஆத்தூர்)

கண்ணு, நல்ல கேள்வி. 1932 ஜூன் 2ம் தேதி, ஜார்ஜ் பெர்ரின்னு ஒரு இளவட்ட விவசாயி, அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல பிடிச்சார். 22 பவுண்டு 4 அவுன்ஸ், நம்ம கணக்குல பத்து கிலோவுக்கு மேல. மழை பேஞ்சு நிலம் உழ முடியாத நாளுன்னு தான் மீன் பிடிக்கவே போனாராம். அவருக்கும் கூட வந்த சிநேகிதருக்கும் சேத்து ஒரே ஒரு லூர் தான் இருந்துச்சுன்னு சொல்லுவாங்க. பிடிச்ச மீன எடை போட்டுட்டு வீட்டுக்கு கொண்டு போய் குடும்பத்தோட சாப்பிட்டுட்டாங்க. 77 வருசம் கழிச்சு 2009ல ஜப்பான்ல பிவா ஏரில மனாபு குரிட்டாங்கறவர் அதே எடைக்கு கொஞ்சூண்டு மேல பிடிச்சாரு, வித்தியாசம் ரொம்ப கம்மிங்கறதால ரெண்டு பேரு பேரும் சமமா இருக்கு.

கேள்வி: எட்டு வயசு பையனுக்கு ரீலு ராடு வாங்கித் தரலாமா? (வாசகர், ஓமலூர்)

இப்ப மூங்கில் கோல், நரம்பு, தக்கை, சின்ன முள்ளு, மண்புழு. ஜிலேபி கெண்டை நிறைய கடிக்கும், குழந்தைக்கு சலிக்காது. முள்ளு முனைக்கு பக்கத்துல பின்பக்கமா நீட்டிட்டு இருக்கற சின்ன கொக்கிய இடுக்கியால நசுக்கி விட்டுடுங்க, விரல்ல குத்தினாலும் சுலபமா வந்துடும். கெளுத்தி வந்தா நீங்க எடுங்க, அவன தொட விடாதீங்க, அந்த பக்க முள்ளு குத்தினா பெரியவங்களுக்கே உயிர் போற வலி.

கேள்வி: எங்க அப்பா வாங்கின ரீலு 20 வருசமா பரண்ல கிடக்கு. சுத்தினா கரகரன்னு சத்தம். தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கறதா? (வாசகர், கொண்டலாம்பட்டி)

தூக்கிப் போடாதீங்க, அந்தக் காலத்து ரீலு உள்ள பல்சக்கரம் பெரும்பாலும் உலோகம், இப்ப வெலை கம்மியா வர்றதுல பாதிக்கு அப்படி இல்ல. பக்கவாட்டு மூடிய கழட்டறதுக்கு முன்னாடி ஒரு படம், ஒவ்வொரு பாகம் கழட்டறப்பயும் ஒரு படம் எடுத்துக்கோங்க, திருப்பி மாட்டறப்ப அது தான் வழிகாட்டி. பழைய கிரீஸ் மெழுகு மாதிரி காஞ்சு கிடக்கும், மண்ணெண்ணெய்ல பழைய டூத் பிரஷ் வச்சு கழுவி, நல்லா காய விட்டு, பல்லுல மட்டும் புது கிரீஸ் கொஞ்சமா தடவுங்க, அப்பி வைக்க வேண்டாம். டிராக் உள்ள இருக்கற கம்பளி மாதிரி வட்டத்துல மண்ணெண்ணெய் படக்கூடாது. கைப்பிடி மூட்டுக்கும், நரம்பு ஓடற அந்த சின்ன உருளைக்கும் தையல் மிசின் எண்ணெய் ஒரு சொட்டு. உருளை விரலால தள்ளினா சுத்துதான்னு பாருங்க, சுத்தலைன்னா அது ஒண்ண மட்டும் மாத்துங்க, இல்லன்னா புது பிரெய்ட ரெண்டே வாரத்துல தேச்சு அறுத்துடும். பழைய நரம்ப மட்டும் முழுசா உருவி எறிஞ்சுடுங்க.